கொலராடோ திருத்தம் ஜே: செத்துப்போன தடைக்கு இப்போது எதற்கு ஓட்டு?

அரோரா செந்தில் (அக்டோபர் 2024)

எல்லாருக்கும் வணக்கம். குடியுரிமை வந்த பிறகு எனக்கு இதுதான் முதல் ஓட்டு. வாக்குச்சீட்டு தபாலில் வந்துவிட்டது. அதற்கு முன்னாலேயே, எதற்கெல்லாம் ஓட்டு என்று விளக்கி அரசு அனுப்புகிற அந்த நீலப் புத்தகமும் வந்தது. ஊரில் சின்னத்தைப் பார்த்து ஒரு பட்டனை அமுக்கினால் வேலை முடிந்தது. இங்கே சாப்பாட்டு மேஜையில் பேனாவோடு உட்கார்ந்து, மலைச்சிங்கத்தை வேட்டையாடலாமா கூடாதா என்பதற்குக்கூட நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் சந்தேகம் திருத்தம் ஜே பற்றியது. ஒரே பாலினத் திருமணத்துக்கான தடையைக் கொலராடோ அரசியலமைப்பிலிருந்து நீக்கலாமா என்று கேட்கிறார்கள். படித்துக் காட்டியதும் வீட்டுக்காரி, "எதிர் வீட்டில் அந்த இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொண்டுதானே இருக்கிறார்கள், அப்புறம் தடை எங்கே இருக்கிறது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

2015இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கச் செல்லும் என்று சொல்லிவிட்டது என்பது வரை தெரியும். அப்படியானால் இந்தத் தடை எப்படி இன்னும் உட்கார்ந்திருக்கிறது? யார் போட்டது? "இல்லை" ஜெயித்தால் எதிர் வீட்டுக்காரர்களின் திருமணம் போய்விடுமா? ஊரில் போன வருடம் அக்டோபரில் இதே விஷயம் வந்தபோது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று டெல்லியில் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நம்மிடம் யாரும் கேட்கவில்லை. இங்கே என்னிடம் கேட்கிறார்கள், எனக்கோ தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

கட்சிச் சண்டை வேண்டாம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டென்வர் பாபு

தம்பி, "ஆமாம்" பக்கம் கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சம்பிரதாயத்துக்குக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்த மலைச்சிங்கத்தில்தான் குழப்பம்.

லாங்மாண்ட் மீனாட்சி

பாபு, சம்பிரதாயம் என்று தள்ளிவிடாதீர்கள். செந்தில் தம்பி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தேர்தல் வந்தால் கவுன்டியில் நடுவராகப் போகிறேன். உறையைப் பிரித்து, மடிந்த சீட்டை நிமிர்த்தி அடுக்குகிற வேலை. பெரிய அதிகாரமெல்லாம் இல்லை. எதிரில் மாற்றுக் கட்சிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார், அங்கே இதைப் பற்றி வாயைத் திறக்க முடியாது. அதனால் இங்கே பேசிவிடுகிறேன்.

தடையைப் போட்டது நம் மாநிலத்து மக்கள்தான். 2006 நவம்பரில் திருத்தம் 43 என்று வந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்வது மட்டுமே இந்த மாநிலத்தில் திருமணமாகச் செல்லும், அதுவே ஏற்கப்படும் என்று ஒரே வரி. 55 சதவீதம் பேர் ஆமாம் போட்டார்கள். அந்த வரியை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் தெரியுமா? உரிமைகள் பகுதியில், பிரிவு 31 ஆக. பேச்சுரிமை, வழிபாட்டு உரிமை எல்லாம் இருக்கிற அதே பகுதியில் "உனக்கு இது கிடையாது" என்றும் ஒரு வரி. எனக்கு அதைப் பார்த்தால் இன்றைக்கும் ஆகாது.

அதற்குப் பின்னால் ஒரு தேசியக் கதை உண்டு, அதிலும் நம் ஊர்க்காரர்கள்தான் முன்வரிசை. 2003 நவம்பரில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்தை அனுமதித்தது. நாடு கொதித்தது. 2004 பிப்ரவரியில் ஜார்ஜ் புஷ், அமெரிக்க அரசியலமைப்பிலேயே தடை எழுத வேண்டும் என்றார். அந்தத் திருத்தத்தைக் கீழவையில் கொண்டுவந்தவர் ஃபோர்ட் மார்கனைச் சேர்ந்த மேரிலின் மஸ்கிரேவ். செனட்டில் கொண்டுவந்தவர் வேன் அல்லார்டு. இரண்டு பேரும் கொலராடோ. ஜூலையில் செனட்டில் விவாதத்தை முடித்து ஓட்டுக்குப் போகவே 60 பேர் வேண்டும், 48 தான் கிடைத்தது. அதை எதிர்த்த ஆறு குடியரசுக் கட்சிக்காரர்களில் ஒருவர் பென் நைட்ஹார்ஸ் கேம்ப்பெல். அவரும் கொலராடோ! ஒரே மாநிலம், ஒரே கட்சி, இரண்டு செனட்டர்கள், ஆளுக்கு ஒரு பக்கம். கீழவையில் 227க்கு 186. பெரும்பான்மைதான், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. 2006இல் மறுபடி முயன்று மறுபடி தோற்றார்கள். அப்படியே தேறியிருந்தாலும் 38 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு எதிர்த்த செனட்டர் மெக்கெய்ன் போன்றவர்கள் சொன்ன காரணம், இது மாநிலங்களின் விஷயம், வாஷிங்டன் தலையிடக் கூடாது என்பது. சரி என்று மாநிலம் மாநிலமாகப் போனார்கள். 2004 நவம்பரில் ஒரே நாளில் 11 மாநிலங்களில் தடை ஜெயித்தது. நம் முறை 2006இல் வந்தது.

அது எப்படிச் செத்தது என்றால், 2014இல் யூட்டா வழக்கில் டென்வரில் இருக்கிற பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (கொலராடோவும் அதன் கீழ்தான்) அப்படிப்பட்ட தடை செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் அக்டோபர் 6ஆம் தேதி மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. மறுநாளிலிருந்து கொலராடோ முழுக்க உரிமம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்த ஜூனில் நீங்கள் சொன்ன தீர்ப்பு. ஆனால் நீதிமன்றம் ஒரு வரியை அமல்படுத்தாதே என்று சொல்லலாமே தவிர, அதை அழிக்க முடியாது. அழிக்கிற ரப்பர் மக்கள் கையில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் 2021 செப்டம்பரில் நம் கவர்னர் ஜாரெட் போலிஸ் மார்லன் ரீஸைத் திருமணம் செய்துகொண்டபோது, காப்பாற்றுவேன் என்று அவர் சத்தியம் செய்த அதே அரசியலமைப்பில் அந்தத் திருமணம் செல்லாது என்ற வரி இருந்தது.

இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்பீர்கள். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைத் தந்த தன் பழைய தீர்ப்பையே ரத்து செய்தபோது, அதன் நீதிபதிகளில் ஒருவரான தாமஸ் தனியாக எழுதினார்: ஒரே பாலினத் திருமணத் தீர்ப்பையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று. மற்றவர்கள் அவரோடு சேரவில்லை. ஆனால் இந்த வருடம் ஏப்ரலில் அரிசோனாவில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். 1864இல், அரிசோனா ஒரு மாநிலமாக ஆவதற்கே முன்னால், எழுதிய கருக்கலைப்புத் தடையை அமல்படுத்தலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டமன்றம் அவசர அவசரமாக ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

காகிதத்தில் இருப்பது நல்லதுக்கும் எழுந்து வரும். இங்கே பக்கத்தில் போல்டரில் நடந்ததைச் சொல்கிறேன். 1975இல் அங்கே கவுன்டி எழுத்தராக இருந்தவர் கிளெலா ரோரெக்ஸ். 31 வயது, தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர், பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கொலராடோ ஸ்பிரிங்ஸில் உரிமம் மறுக்கப்பட்ட இரண்டு ஆண்கள் அவரிடம் வந்தார்கள். அந்த அம்மா மாவட்ட வழக்கறிஞர் அலுவலகத்தில் கேட்டார். அப்போதைய சட்டத்தில் கூடாது என்று எங்கேயும் இல்லை என்றார்கள். கொடுத்துவிட்டார். மாநில அட்டர்னி ஜெனரல் நிறுத்தச் சொல்லும் வரை ஆறு ஜோடிக்குக் கொடுத்தார். ஊரே திட்டியது. ஒருத்தர் டாலி என்ற தன் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்து, ஆணும் ஆணும் கட்டிக்கொள்ளலாம் என்றால் நான் இவளைக் கட்டிக்கொள்கிறேன், உரிமம் கொடு என்றார். ரோரெக்ஸ் அசரவில்லை. படிவத்தை எடுத்து வரிசையாகக் கேள்வி கேட்டார். வயது? எட்டு. பெற்றோர் சம்மதம் இல்லாமல் இந்த வயதில் முடியாது என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த ஆறில் ஒரு ஜோடி ரிச்சர்டு ஆடம்ஸ், ஆன்டனி சல்லிவன். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்தார்கள். ஆடம்ஸ் அமெரிக்கக் குடிமகன், சல்லிவன் ஆஸ்திரேலியர். திருமணம் ஆனதும் ஆடம்ஸ் நம்மில் பாதிப் பேர் செய்ததைத்தான் செய்தார், துணைவருக்காக மனுப் போட்டார். குடியேற்றத் துறை பதில் எழுதியது. உங்களுக்குள் உண்மையான மண உறவு இருக்க முடியாது என்று சொன்னதோடு விடாமல், அவர்களை ஓர் அசிங்கமான வசைச்சொல்லால் குறிப்பிட்டு, அரசாங்கத் தாளில், கையெழுத்தோடு. அவர்கள் வழக்குப் போட்டு, மேல்முறையீடு செய்து, 1982இல் அதிலும் தோற்றார்கள். 2012இல் ஆடம்ஸ் இறந்தார். ஆனால் கொலராடோ அந்த உரிமங்களை ரத்து செய்யவே இல்லை. 2016இல், 1975இல் போல்டரில் வாங்கிய அந்த ஒரு தாளை வைத்து, அமெரிக்கக் குடிமகனின் துணைவர் என்ற முறையில் சல்லிவனுக்கு கிரீன் கார்டு வந்தது. நாம் கிரீன் கார்டு வரிசையில் நம் முன்னுரிமைத் தேதி நகரவில்லை என்று புலம்புகிறோம். அந்த மனுஷன் 41 வருடம் காத்திருந்தார்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. "இல்லை" ஜெயித்தால் எதிர் வீட்டுக்காரர்களுக்கு நாளைக்கே ஒன்றும் ஆகாது. 2015 தீர்ப்பு இருக்கிற வரைக்கும் அந்த வரி உறங்கும். தீர்ப்பு என்றைக்காவது போனால், 2022 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட சட்டம் ஓரளவு காப்பாற்றும்: ஏற்கனவே ஓர் இடத்தில் முறையாக நடந்த திருமணத்தை மற்ற மாநிலங்களும் மத்திய அரசும் ஏற்க வேண்டும். ஆனால் புதிதாக உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அது எந்த மாநிலத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. அப்போது இங்கே கல்யாணம் செய்ய வருகிறவர்களுக்கு எதிரில் பிரிவு 31 எழுந்து நிற்கும். நம் மாநிலச் சாதாரணச் சட்டத்திலும் 2000இல் எழுதிய இதே மாதிரி ஒரு தடை இருக்கிறது. அதைச் சட்டமன்றம் நீக்கலாம், ஆனால் மேலே அரசியலமைப்பு தடுக்கிற வரை நீக்கி என்ன பிரயோஜனம்? ஜே தானாக யாருக்கும் புது உரிமை தரவில்லை. பூட்டைக் கழற்றுகிறது, அவ்வளவுதான். நான் ஆமாம் போடுகிறேன்.

ஸ்பிரிங்ஸ் ஜேம்ஸ்

மீனாட்சி அக்கா, விவரமாக எழுதினீர்கள், நன்றி. ஆனால் நான் இல்லை போடுகிறவன், அந்தப் பக்கமும் ஒன்று இருக்கட்டும்.

திருமணத்தை நான் சபையில் கற்றுக்கொண்ட அர்த்தத்தில்தான் பார்க்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் என் ஆதங்கம் அது மட்டுமல்ல. 2006இல் லட்சக்கணக்கான பேர் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அதை மூன்று நீதிபதிகள் இருந்த அமர்வு, அதுவும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், வேறு மாநிலத்து வழக்கில் தள்ளியது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு. தலைமை நீதிபதி ராபர்ட்ஸே, கொள்கை வேறு அரசியலமைப்பு வேறு என்றுதானே மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்? ஊரில் 2023இல் நீதிபதிகள் இது எங்கள் வேலை இல்லை என்றதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, அரசியலமைப்பில் புதிதாக ஒன்றைச் சேர்க்க 55 சதவீதம் வேண்டும் என்கிறார்கள். நீக்க மட்டும் பாதிக்கு மேல் போதுமாம். இது என்ன நியாயம்? அதோடு ஒரே பாலின ஜோடிக்குக் கல்யாணக் கேக் செய்ய மறுத்த லேக்வுட் கேக் கடைக்காரரை இந்த மாநிலம் எத்தனை வருடம் அலைக்கழித்தது என்று எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு இந்த வரி, நாளைக்கு எங்கள் போதகர் என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. எதிர் வீட்டுக்காரர்கள் மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை.

லாங்மாண்ட் மீனாட்சி

ஜேம்ஸ் தம்பி, வெறுப்பில்லை என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன்.

55 சதவீத விஷயம் 2016இல் வந்தது. அதற்கு முன்னால் சேர்ந்தவற்றைச் சாதாரணப் பெரும்பான்மையில் சேர்த்தார்கள், நீக்குவதற்கும் அதுவே போதும் என்று அன்றைக்கே எழுதியிருக்கிறது. உங்கள் திருத்தம் 43க்கும் 2006இல் பாதிக்கு மேல் இருந்தால் போதுமாக இருந்தது. போன வழியிலேயே வருகிறது.

நீதிபதிகள் மேல் உங்களுக்குள்ள கோபம் பழையது. 1992இல் உங்கள் ஊரான கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிறந்த திருத்தம் 2 ஞாபகம் இருக்கிறதா? தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு எந்த ஊராட்சியும் பாதுகாப்புச் சட்டம் போடக் கூடாது என்று மக்கள் ஓட்டில் ஜெயித்தது. மற்ற மாநிலத்துக்காரர்கள் கொலராடோவை வெறுப்பு மாநிலம் என்று பெயர் வைத்துப் புறக்கணித்தார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்றில் அதைத் தள்ளியது. வழக்கின் பெயரில் இருப்பவர் ரோய் ரோமர். கவர்னராக இருந்ததால் அவர் பெயர் வந்தது, ஆனால் பாவம், அவரே அந்தத் திருத்தத்தை எதிர்த்தவர். ஒரு கூட்டத்தை மட்டும் பொறுக்கியெடுத்து அவர்களுக்குக் கதவைச் சாத்துவதற்கு மக்கள் ஓட்டும் போதாது என்பது அன்றே முடிந்துபோன விஷயம் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், பரவாயில்லை. ஆனால் மக்களைக் கேட்கவில்லையே என்பதுதான் குறை என்றால், இந்த முறை மக்களைத்தானே கேட்கிறார்கள்.

கேக் கடைக்காரர் விஷயத்தில் 2018இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டில் அவர் பக்கம் நின்றது, மாநில ஆணையம் அவர் மதத்தை அவமதித்தது என்று. போன வருடம், ஒரே பாலினத் திருமணத்துக்கு இணையதளம் செய்ய மாட்டேன் என்ற வடிவமைப்பாளர் பெண்மணியின் வழக்கும், அதுவும் கொலராடோதான், அவர் பக்கமே முடிந்தது. ஜே அதில் எதையும் தொடவில்லை. போதகர் யாருக்குக் கல்யாணம் செய்து வைக்க வேண்டும் என்று அரசாங்கம் கேட்க முடியாது, அந்தப் பாதுகாப்பு வேறு இடத்தில் உறுதியாக இருக்கிறது.

அரோரா செந்தில்

இரண்டு பேருக்கும் நன்றி. சத்தியமாக இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. குதிரைக் கதையை வீட்டில் சொன்னேன், பெற்றோர் சம்மதம் என்ற இடத்தில் வீட்டுக்காரி சிரித்து அடங்க நேரமாயிற்று. நாங்கள் இரண்டு பேரும் ஜேக்கு ஆமாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஜேம்ஸ் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மீனாட்சி அக்காவிடம் ஒரு சின்னக் கேள்வி. உறையில் கையெழுத்துப் போட வேண்டுமே, நான் தமிழில்தான் போடுவேன். டிரைவிங் லைசென்ஸிலும் அப்படித்தான். ஏற்பார்களா?

லாங்மாண்ட் மீனாட்சி

ஏற்பார்கள். எந்த மொழி என்று பார்ப்பதில்லை, அவர்களிடம் இருக்கிற கையெழுத்தோடு பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார்கள். பொருந்தவில்லை என்றால் கவுன்டியிலிருந்து கடிதம் வரும், தேர்தல் முடிந்து எட்டு நாளுக்குள் சரி செய்யலாம். கடிதத்தைக் குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கணவன் உறையில் மனைவி, மனைவி உறையில் கணவன் என்று மாற்றிப் போடுகிறவர்கள்தான் அதிகம். மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போடுகிறீர்கள் அல்லவா, அதைப் பாருங்கள்.

டென்வர் பாபு (நவம்பர் 2024)

ஜே ஜெயித்தது, 64 சதவீதம். மலைச்சிங்க வேட்டைத் தடை தோற்றது. எனக்கு ஒன்று கிடைத்தது, ஒன்று போனது.

ஸ்பிரிங்ஸ் ஜேம்ஸ்

மக்கள் தீர்ப்பு. 2006இல் ஏற்கச் சொன்னவன், இப்போது ஏற்கவில்லை என்றால் நியாயமில்லை. ஆனால் 36 சதவீதம் பேர் இருக்கிறோம் என்பதையும் யாராவது நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

லாங்மாண்ட் மீனாட்சி (2025)

பழைய திரியைக் கிளறுகிறேன். 2000இல் எழுதிய சாதாரணச் சட்டத்துத் தடையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் சட்டமன்றம் இந்த ஏப்ரலில் நீக்கிவிட்டது, கையெழுத்துப் போட்டது போலிஸ். ஜே போன நவம்பரில் தோற்றிருந்தால் பிரிவு 31 மேலே உட்கார்ந்திருக்கும், இதைச் செய்தும் பலன் இருந்திருக்காது. செந்தில், பிரிவு 31 எங்கே இருந்தது என்று கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியிருந்தீர்கள். இரண்டாவது அத்தியாயத்தில் தேடுங்கள். நீக்கப்பட்டது என்று மட்டும் போட்டிருக்கும்.